மதிப்பிட வந்தவரே விலையும் கேட்டால்: நகை பிரிக்கும் குடும்பங்களுக்கு எச்சரிக்கை

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு குடும்பம். தாயார் காலமானபின் அவருடைய நகைகளை மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெரிந்தவர் மூலம் ஒருவர் வீட்டுக்கே வந்தார்; மதிப்பீட்டுக்குக் கட்டணம் வேண்டாம் என்றார். சட்டைப்பைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்து, ஒற்றைத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பேச்சே, "இந்த விலைக்கு நானே எடுத்துக்கிறேங்க்கா, இன்னைக்கே பணம்" என்பதுதான். கெம்பு ஆரமும் ஏழுகல் வைரத்தோடும் அன்றே கைமாறிவிட்டன.

வாங்க நினைப்பவருக்கு மதிப்பு குறைவாக இருப்பதுதான் லாபம். அவர் எழுதிக்கொடுத்தது மதிப்பீடு அல்ல, பேரத்தின் முதல் விலை. முறையாகத் தொழில் செய்பவர் உருப்படிக்கு இவ்வளவு அல்லது மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார். மதிப்பில் சதவீதம் கேட்டால் அதுவும் கோளாறுதான். தொகை ஏற ஏற அவர் வருமானமும் ஏறும். அந்த நகையில் தமக்கு எந்த ஆதாயமும் இல்லை என்று அறிக்கையிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது ஆரத்துக்கு வருவோம். மொத்த எடை 62 கிராம். கல்லுக்கும் அரக்குக்கும் "கால் பங்கு போயிடும்" என்று வாய்க்கணக்கிலேயே 15.5 கிராமைக் கழித்திருக்கிறார். அப்படிக் கழிக்கக் கூடாது. எத்தனை கல், அசல் கெம்பா கண்ணாடியா, நீள அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, அதிலிருந்து எடையைக் கணக்கிட வேண்டும். கூடுதலாகக் கழிக்கும் ஒவ்வொரு கிராமிலும் 22 கேரட் நகையில் 0.916 கிராம் சுத்தத் தங்கம் உங்கள் கையை விட்டுப் போகிறது. தராசு குறைந்தது 0.01 கிராம் வரை காட்ட வேண்டும், சோதனை முத்திரை ஒட்டியிருக்க வேண்டும்.

தங்கத்தின் தரத்தை நகையில் உள்ள முத்திரையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இந்தியாவிலேயே ஹால்மார்க் என்ற தர முத்திரை 2021 ஜூனிலிருந்துதான் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முன் ஊரிலிருந்து வந்த நகைகளில் பலவற்றில் அது இருக்காது. தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கும். அதனால் முலாம் பூசிய நகை அதை ஏமாற்றலாம். முன்பக்கம், பின்பக்கம், பற்றவைத்த இடம் என்று பல புள்ளிகளில் வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் என்ன தரம் வந்தது என்பதை எழுதித் தர வேண்டும்.

பெரிய நஷ்டம் தோட்டில்தான். "பழைய கட்டு, இப்போ போகாது" என்று சொல்லித் தங்க எடைக்கு மட்டும் பணம் கொடுத்திருக்கிறார். ஒரு சோடியில் 14 கல். பின்பக்கம் அடைத்துக் கல் பதித்த கட்டில் கல்லின் ஆழம் தெரியாது, நிறத்தையும் சரியாகச் சொல்ல முடியாது. அதற்காக மதிப்பே இல்லை என்றாகிவிடாது. வட்டப் பட்டை வைரத்துக்கு, மில்லிமீட்டரில் அளந்து, விட்டத்தின் வர்க்கம் × ஆழம் × 0.0061 என்று பெருக்கினால் கேரட் எடை ஓரளவு வரும். 3 மில்லிமீட்டர் கல் ஏறத்தாழ 10 சென்ட், அதாவது 0.10 கேரட். ஆழத்தைப் பார்க்க முடியாத இடத்தில் அதை அனுமானம் என்று குறிக்க வேண்டும். நேர்மையான அறிக்கையில் "கட்டிய நிலையில் கணக்கிட்ட எடை" என்றும், நிறமும் தெளிவும் வரம்பாகவும் இருக்கும். கட்டிய கல்லின் நிறத்தை ஒரே தர எழுத்தில் அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். பேனா போன்ற வெப்பச் சோதனைக் கருவியில், வைரம் போலவே தெரியும் மோய்சனைட் என்ற வேறு கல்லும் வைரமாகத் தேறிவிடும். ஆய்வக வைரம் வைரமேதான் என்பதால் அதையும் அது பிரித்துக் காட்டாது. பாலிஷுக்குக் கொடுத்த இடத்தில் கல் மாறியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் ரத்தினச் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தாளில் தேதி இல்லை, எதற்கான மதிப்பு என்பதும் இல்லை. காப்புறுதிக்குப் போடுவது அதே நகையைக் கடையில் புதிதாக வாங்க ஆகும் தொகை. அதில் செய்கூலியும் 9% பொருள் சேவை வரியும் சேரும். விற்கப் போனால் அவை இரண்டும் திரும்பி வராது. காப்புறுதித் தொகையை வைத்துப் பாகம் பிரித்தால் நகையை எடுத்துக்கொள்பவருக்கு நஷ்டம், ரொக்கம் வாங்குபவருக்கு லாபம். பாகப்பிரிவினைக்கு வேண்டியது சந்தை மதிப்பு. மரபுரிமை வரி 2008 பிப்ரவரி 15ல் நீங்கிவிட்டது என்றாலும், நீதிமன்றத்துக்கான சொத்துப் பட்டியலில் இறந்த நாளைய மதிப்புத்தான் வேண்டும். அதே நகை, மூன்று தேவைக்கு மூன்று தொகை. இதை முதலிலேயே கேட்காமல் தராசை எடுப்பவரை நம்ப வேண்டாம்.

இங்கே கட்டணத்துக்கு மதிப்பீடு செய்பவர்களுக்கு உள்நாட்டு வருவாய் ஆணையம் உரிமம் தருகிறது. அதைக் காட்டச் சொல்லலாம். ஆனால் உரிமம் இருப்பதும் வைரக் கட்டு தெரிவதும் வேறு வேறு, அதனால் அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். நகையைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து இருபுறமும் படம் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள் ரசீதையும் ஒற்றைத்தாளையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்க வேண்டாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியதாகத் தெரிந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள். தோடு உருக்கப்படுவதற்கு முன் கொடுத்தால்தான் கல்லையாவது தேட வழி இருக்கும்.