டெஸ்க்டாப்புக்கு வைஃபை: சும்மா கிடக்கும் ரவுட்டரா, டாங்கிளா, கார்டா?

ஹாலில் மெயின் ரவுட்டர், உள் அறையில் டெஸ்க்டாப், அந்த டெஸ்க்டாப்பில் வைஃபை கிடையாது. யாரிடம் கேட்டாலும் "ஒரு டாங்கிள் வாங்கிப் போடு" என்பார்கள், அதாவது யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி வைஃபை கருவி. வீட்டில் பழைய ரவுட்டர் ஏதாவது சும்மா கிடந்தால், காசு செலவழிக்கும் முன் முதலில் அதைத் தூசி தட்டிப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. மெயின் ரவுட்டரின் வைஃபையை அது வாங்கி, லேன் கேபிள் வழியாக டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கும்.

கேபிள் இழுக்க வழி இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தரும், எந்த வைஃபையும் அந்த நிதானத்துக்குப் பக்கத்தில் வராது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார், அதனால்தான் மற்ற வழிகளைத் தேடுகிறோம்.

டாங்கிளில் விலையைத் தவிர மெச்சிக்கொள்ள அதிகமில்லை. நகம் அளவுக்கு இருக்கும் அந்தக் குட்டி டாங்கிளுக்குள் ஆன்டெனாவும் அதே அளவுதான், அதைக் கொண்டுபோய் கேபினெட்டின் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகுகிறோம். போதாக்குறைக்கு யூஎஸ்பி 3.0 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், இதை இன்டெலே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிள்தான் வேண்டும் என்றால் கூடவே ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜை மேல் கொண்டுவந்து வையுங்கள். லினக்ஸ் ஓட்டுபவர்கள் உள்ளே என்ன சிப் என்று பார்க்காமல் வாங்க வேண்டாம், டிரைவர் தேடியே ஒரு நாள் போய்விடும்.

இந்த இரண்டு தொல்லையும் பழைய ரவுட்டரில் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வெறும் லேன் கேபிள், அதனால் வைஃபை டிரைவர் என்ற பேச்சே கிடையாது. பெரிய ஆன்டெனா, அதையும் சிக்னல் நன்றாக வரும் அலமாரி மேல் வைத்துவிட்டு அங்கிருந்து கேபிளை இறக்கிக்கொள்ளலாம். மீதி லேன் போர்ட்டுகளில் டிவி, பிரின்டர் என்று எதையும் செருகலாம். "ரிப்பீட்டர் போட்டால் வேகம் பாதியாகிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். ஒரே ரேடியோ வாங்கியதைத் திரும்பவும் வைஃபையிலேயே ஒலிபரப்பும்போதுதான் அந்தப் பிரச்சினை. நம் கம்ப்யூட்டருக்குப் போவது கேபிள் வழியாக, அதனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

ஆனால் எல்லா ரவுட்டரும் இதற்குச் சரிப்படாது. பலவற்றில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடு கேபிளில் வாங்கி வைஃபையில் கொடுப்பது, நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். செட்டிங்கில் கிளையன்ட், டபிள்யூஐஎஸ்பி (மெயின் ரவுட்டரின் வைஃபையையே இன்டர்நெட் இணைப்பாக எடுத்துக்கொள்ளும் மோடு), டபிள்யூடிஎஸ் (இரண்டு ரவுட்டர்களை வைஃபையிலேயே இணைக்கும் மோடு), ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் கிடக்கும் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என்-இன் பழைய பதிப்புகளில் டபிள்யூடிஎஸ் உண்டு: லேன் முகவரியை மெயின் ரவுட்டரோடு மோதாமல் மாற்றி, இரண்டுக்கும் ஒரே சேனல் வைத்து, டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைக்க வேண்டும். டபிள்யூடிஎஸ் வேறு வேறு கம்பெனி ரவுட்டர்களுக்கு இடையே சில சமயம் ஒத்துவராது. அப்போது டபிள்யூஐஎஸ்பி மோடு பாதுகாப்பான வழி. அதில் கம்ப்யூட்டர் தனி நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் ஹாலில் இருக்கும் பிரின்டர் தானாகத் தெரியாது. பிரவுசிங், வீடியோ, ஆபீஸ் மீட்டிங் எதற்கும் தடையில்லை.

வேக எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இதே டபிள்யூஆர்841என் பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும், ஆனால் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் போகவே போகாது. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுச் சிக்னல் எல்லாம் அதே இடத்தில்தான் முட்டிமோதும். 50 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் போதும், 300 பிளானுக்குக் காசு கட்டுபவருக்கு அநியாயம். மெயின் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் போட்டிருந்தால் பழையது சேரவே சேராது, டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள்.

பெரிய பிளான், ஆன்லைன் கேம் என்றால் காசு போட்டு பிசிஐஇ கார்டு (மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் வைஃபை கார்டு) வாங்குவதே சரி. இன்டெல் ஏஎக்ஸ்210 சிப் உள்ள கார்டு நல்ல தேர்வு, 5 கிகாஹெர்ட்ஸும் புளூடூத்தும் சேர்ந்தே கிடைக்கும். ஆன்டெனா ஒயரோடு வருவதாகப் பார்த்து வாங்கினால் கேபினெட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாது. புளூடூத் வேலை செய்ய, கூட வரும் சின்ன கேபிளை மதர்போர்டின் யூஎஸ்பி ஹெடரில் (போர்டு மேலேயே இருக்கும் யூஎஸ்பி பின்கள்) செருக வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஏஎக்ஸ்211 கொஞ்சம் விலை குறைவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அது அதற்கென்றே வசதியுள்ள இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் ஓடும்.