முதுகுவலிக்கு எந்த ஊர் மலிவு? ராயபுரத்திலிருந்து ஒரு கணக்கு

சொந்தக்காரர் ஒருவர் லண்டனிலோ மலேசியாவின் கிள்ளானிலோ இருந்துவிட்டால் போதும், வலிப் பேச்சு வரும்போதெல்லாம் "அங்கெல்லாம் ஃப்ரீ" என்று ஒரு வார்த்தை விழுந்துவிடும். அது பாதிதான் உண்மை. மூன்று மாதம் தாண்டியும் விடாத வலியில் மாத்திரை விலை சின்னச் செலவு. உட்கார வைத்துப் பார்க்க ஆள் உண்டா, அதற்கு எத்தனை நாள் கூலி போகும் என்பதுதான் பெரிய செலவு.

மலேசியாவை முதலில் முடித்துவிடலாம். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம். பெர்மிட்டில் வேலைக்குப் போனவருக்கு அந்த 1 ரிங்கிட் சலுகை கிடையாது. இங்கிருந்து போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் டாக்டரைப் பார்க்கக் காசில்லை. ஆனால் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, இது 2024 மே மாதம் வந்த கட்டணம். நரம்புவலிக்குப் பிரிகாபலின், இரவுக்கு அமிட்ரிப்டிலின், வயிற்றைக் காக்க ஒமிப்ரசோல் என்று மூன்று எழுதினால் 29.70 ஆகிவிடும். 60 வயதானவர்களுக்கு இலவசம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்குமே கட்டணமில்லை. ஸ்பெஷலிஸ்ட் சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது விதி. பல வருடமாக அது ஏட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தெளிவான காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) எதையும் தொடங்காதீர்கள், உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் கொடுங்கள் என்று 2021-லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. நம் தெருமுனை கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு "போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஒரே மாத்திரைக்கு ஆளுக்கொரு விலை. இன்சூரன்ஸில் வாங்குவதைவிடக் கூப்பன் காட்டிக் கைக்காசில் வாங்குவது மலிவாக வரும் கூத்தும் உண்டு. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) மருந்துத் திட்டத்தில் இருப்பவருக்கு 2025-ல் வருடத்துக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பு வந்தது, அது பெரிய நிம்மதி. ஓபியாய்டு கதை வேறு. அதைக் குறைத்து எழுதச் சொன்ன 2016 வழிகாட்டுதலை டாக்டர்கள் இரும்புச் சட்டமாக எடுத்துக்கொண்டதில், வருடக்கணக்காகச் சாப்பிட்டுவந்த பலருக்கு மருந்து திடீரென்று நின்றுபோனது. 2022-ல் அந்த வழிகாட்டுதலைத் தளர்த்தி எழுத வேண்டியிருந்தது.

இந்த வகை மாத்திரை கேட்பவரைச் சந்தேகமாகப் பார்ப்பது வடசென்னையிலும் உண்டு. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. டிரமடால் என்ற ஓபியாய்டு 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கிறது. அதனால் நிஜமாகவே வலியில் இருக்கும் ஹார்பர் தொழிலாளி சீட்டை நீட்டினாலும் மெடிக்கல் ஷாப்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டும் மருந்தும் இலவசம். வெளியே வாங்கினால் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் பிராண்டைவிட 50 முதல் 80 சதவீதம் குறைவு என்கிறது அரசு. 2025 பிப்ரவரியில் தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்களும் வந்துவிட்டன. மாத்திரை விலையில் நம்மை அமெரிக்கா நெருங்கவே முடியாது. ஆனால் ஓ.பி. வரிசையில் ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய கூலியும் போச்சு. டாக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாமல் படுத்திருப்பவர் வீட்டில் இருந்தால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். என் கணக்கில், கிள்ளான் 1 ரிங்கிட்டைவிட இது பெரிய சலுகை. நடமாட முடிகிறவர் ஸ்டான்லிக்குப் போகும்போது மாத்திரையோடு திரும்பிவிடாமல் பிசியோதெரபிக்கும் எழுதிக் கேளுங்கள். சர்க்கரையோ கிட்னிக் கோளாறோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக் கிட்னி கெட்டால், அந்தச் செலவு எந்த நாட்டிலும் மலிவில்லை.