எடை குறைய எது: ஓட்டமா, சைக்கிளா, மலைப்படியா?

80 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 330 கலோரி செலவாகும். அதே ஆள் அதே அரை மணி நேரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் 320. கையை வீசி வேகமாக நடந்தால் 170. இந்த மூன்று எண்களோடு விட்டுவிட்டால் ஓட்டமும் சைக்கிளும் சமம், நடை பாதிதான் என்று தீர்ப்பு சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. மறுநாள் காலையில் அவர் மறுபடி கிளம்புவாரா, கிளம்புவதற்குள் எவ்வளவு சாப்பிட்டிருப்பார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி எரிக்கும். மேலே சொன்ன கணக்கில் அதுவும் அடக்கம். அரை மணிக்கு 40 கலோரியைக் கழித்துக்கொள்ளுங்கள். கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கலோரியையும் அப்படியே நம்ப வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடக் கலோரிக் கணக்கில் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. இதயத்துடிப்பை அவை ஓரளவு சரியாகவே காட்டின.

ஓட்டத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு கிலோமீட்டருக்கு, உங்கள் எடை எத்தனை கிலோவோ கிட்டத்தட்ட அத்தனை கலோரி. 80 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 400. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் தூரத்துக்கான செலவு பெரிதாக மாறாது, நேரம்தான் மிச்சம். அதனால் மூச்சு வாங்க வாங்க ஓட வேண்டிய கட்டாயம் புதிதாக ஆரம்பிப்பவருக்கு இல்லை. செலவும் குறைவு: நல்ல ஷூ ஒன்று போதும். சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் துணைக்கு ஆளும் கிடைக்கும்.

முட்டிதான் பிரச்சினை. ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு விசை கால் வழியாக ஏறுகிறது. 80 கிலோ ஆளுக்கு அது 200 கிலோ. எடை குறைவாக இருப்பவருக்கு இது ஒன்றுமில்லை, பழகப் பழக மூட்டும் எலும்பும் வலுவாகும். எடை கூடியவர் முதல் வாரத்திலேயே தினமும் ஓட ஆரம்பித்தால் மூன்றாவது வாரம் ஐஸ் பையும் கையுமாக உட்கார்ந்திருப்பார். சரி, மணலில் ஓடலாமே என்பார்கள். தளர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப்போல 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். முட்டிக்கு அது மெத்தென்று இருக்கும், ஆனால் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரும் இழுத்துப் பிடிக்கும். அலை நனைக்கும் ஓரம் கெட்டியாக இருக்கிறதே என்று அதில் ஓடினால், தரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும். போகும்போது ஓட்டம், திரும்பும்போது நடை என்று வைத்துக்கொண்டால் ஓட்டத்தின்போது அந்தச் சரிவு ஒரே காலைத்தான் வதைக்கும். மணலில் வேகமாக நடப்பதோடு நிறுத்திக்கொள்வதே மேல். தெருநாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓடுபவரைத்தான் அவை பெரும்பாலும் துரத்தும், நடப்பவரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

சைக்கிளில் முட்டிக்கு அந்த அடி கிடையாது, எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. சீட் உயரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருந்தால் போதும். சீட்டைத் தாழ்வாக வைத்து மிதித்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். நம் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் மிதிக்கிறார்கள், கால் தரையில் ஊன்ற வேண்டுமே என்று.

ஞாயிறு விடிகாலையில் சென்னையின் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பார்த்தால் ஹெல்மெட் போட்ட கூட்டம் கூட்டமாகப் போவார்கள். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தனியாக மிதித்தால் 80 கிலோ ஆளுக்கு 1,200 கலோரிக்கு மேல் செலவாகும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கூட்டத்தின் நடுவே, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி மிதித்தால் காற்றின் எதிர்ப்பு குறைந்து, செலவில் நாலில் ஒரு பங்குவரை குறைந்துவிடும். அப்புறம் அந்த ஹோட்டல். நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, சர்க்கரை போட்ட காபி, எளிதாக 600 கலோரியைத் தாண்டும். மத்தியானம் 'காலையில அவ்வளவு மிதிச்சோமே' என்று இன்னொரு கை சோறு. சாயங்காலம் வரை தூக்கம். வாரத்தில் மீதி ஆறு நாள் சைக்கிள் வராண்டாவில் நிற்கும், கடல் காற்றில் செயின் துருப்பிடிக்கும். ஒரே நாளில் அதிகம் எரிக்கும் பயிற்சி இது, வாரக் கணக்கில்தான் கோட்டை விடுகிறது. வேலைக்கே சைக்கிளில் போய் வர வழியுள்ளவர்களுக்கு இந்தக் குறை பொருந்தாது; அவர்கள் வேறெதையும் தேட வேண்டாம்.

மலைப்படிக்கு வருவோம். பழநி மலைக்கு 693 படிகள். 80 கிலோ ஆள் ஒருமுறை ஏறினால் கிட்டத்தட்ட 100 கலோரிதான் செலவாகும். மேலே போய் இரண்டு மூன்று கரண்டி பஞ்சாமிர்தம் சாப்பிட்டால் கணக்கு நேர்! பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை என்று சேர்ந்தது வேறு எப்படி இருக்கும்? இருந்தும் நான் படிக்கட்டின் கட்சிதான். நிற்காமல் ஏறினால் அந்த 100 கலோரி பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள் கரைகிறது. அதாவது மெதுவான ஓட்டத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் ஓட்டத்தின் அடி இல்லை, கால் மென்மையாகப் படியில் அமர்கிறது. தொடையும் பின்பக்கத் தசையும் வேலை செய்வதால் எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரைவது கொஞ்சம் தடுக்கப்படும்.

இறங்குவதில்தான் எச்சரிக்கை வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. மறுநாள் உட்கார்ந்து எழ முடியாமல் போவது இதனால்தான். முட்டிக்கும் ஏறுவதைவிட இறங்குவதே அதிகப் பாரம். பழநியில் ஏறிவிட்டு, இறங்கும்போது வின்ச்சிலோ ரோப் காரிலோ வந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஊரில் மலை இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது: ஐந்து மாடி ஏறினால் 11, 12 கலோரி, லிஃப்டில் இறங்கி மறுபடி ஏறலாம்.

இருபது விநாடி வெறித்தனமாக ஓடி, பத்து விநாடி நின்று, மறுபடி ஓடும் முறை இப்போது பெரிய பேச்சு. ஜப்பானின் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிரபலமானது. அவர் அளந்தது உடல் தாங்கும் திறனை, இடுப்புச் சுற்றளவை அல்ல. நேரம் மிச்சம் என்பது உண்மை, கொழுப்புக் குறைவில் நிதானமான பயிற்சியைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது.

உணவைத் தொடாமல் இந்த ஒப்பீடு முடியாது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வாரம் ஐந்து நாள் 5 கிலோமீட்டர் ஓடி, சாப்பாட்டை அப்படியே வைத்திருந்தால் மாதம் ஒரு கிலோ குறைந்தாலே நல்ல பலன். முதல் வாரத்தில் சடசடவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. தோசைக் கல்லில் கை தாராளமாக விழும் அந்த ஒரு கரண்டியை எரிக்க ஒன்றரை கிலோமீட்டர் ஓட வேண்டும். கரண்டியைக் குறைப்பது சுலபமா, ஓடுவது சுலபமா? பயிற்சி முடிந்து வந்ததும் சுண்டல், அவித்த முட்டை, மோர் என்று எதையாவது தயாராக வைத்திருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். நாலரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்பின் மேல்.

என் வரிசை இப்படி: எடை கூடியவர், புதிதாக ஆரம்பிப்பவர் என்றால் வாரம் ஐந்து நாள் வேகநடை, அதில் இரண்டு நாள் படிக்கட்டு. மூன்று மாதம் கழித்து முட்டி ஒத்துழைத்தால் நடைக்கு நடுவே ஓட்டத்தை நுழைக்கலாம். முட்டி ஏற்கெனவே தேய்ந்தவருக்குச் சைக்கிள், வாரம் நாலு நாளாவது. ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் போட்டவருக்கு ஓட்டம் நேரடியாகச் சரிவரும்.

நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறினால் பாதி வழியில் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கலாம். சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும், கூட வருகிறவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.