நாண் அடிக்கு எது மருந்து: ஆர்ம் கார்டா, முழங்கையா?

வில் பழகத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் என் இடது முழங்கையின் உட்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. அம்பை விட்டதும் நாண் சுளீரென்று அடிக்கும். அடுத்த அம்புக்கு இழுக்கும்போதே உடம்பு அந்த அடியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். கண் மூடும், கை உதறும், அம்பு எங்கேயோ போகும். யாரைக் கேட்டாலும் கையில் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். நீளமான ஆர்ம் கார்டு (கையில் மாட்டும் காப்பு) வாங்கு என்றார் ஒருவர். முழங்கையைத் திருப்பு என்றார் கோச். நாணை முறுக்கு, காலை மாற்றி வை என்று இன்னும் இரண்டு யோசனைகள். நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். நான் வலது கையால் நாண் இழுப்பவன். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்கும் முன் அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். மணிக்கட்டை ஒட்டி விழுந்தால் முதல் சந்தேகம் வில்லின் மேல். முழங்கை மடிப்பின் பக்கம் விழுந்தால் கையின் மேல். மேல்கையிலோ மார்பிலோ என்றால் நிற்கும் விதம், தோள், அப்புறம் தொளதொளவென்ற சட்டை. என்னுடையது முழங்கை ரகம். பழகுபவர்களில் இந்த ரகம்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

ஆர்ம் கார்டில் இரண்டு வகை. ஒன்று முன்கையை மட்டும் மூடும் குட்டைப் பிளாஸ்டிக், இரண்டு எலாஸ்டிக் பட்டையோடு வரும். லேசானது, காற்றுப் போகும், சில நூறு ரூபாய்தான். ஆனால் முழங்கை ரகக்காரர்களுக்கு அடி விழும் இடத்தை அது மூடாது! நாணுக்கு அதன் மேல் விளிம்பு தட்டுப்படும், கார்டு நழுவும், அடி மட்டும் பழைய இடத்திலேயே விழும். இன்னொன்று முழங்கையைத் தாண்டி மேல்கை வரை போகும் நீளக் கார்டு. வியர்க்கும், கை மடக்கச் சிரமம். ஆனாலும் முதல் இரண்டு மாதத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். அடி நின்றதும் குட்டைக்கு மாறிக்கொள்ளலாம்.

கார்டு மாட்டுவது கத்துக்குட்டித்தனம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அருச்சுனனையே நாண் விடவில்லை. மகாபாரதத்தின் விராட பருவத்தில் அவன் பிருகன்னளையாக மாறும்போது இரு கைகளிலும் நாண் தழும்பு மறையும்படி வளையல் அடுக்கிக்கொள்கிறான். இரண்டு கையாலும் எய்கிறவன், ஆகவே இரண்டிலும் தழும்பு. சமஸ்கிருதத்தில் வில்லாளி கையில் கட்டும் தோல் காப்புக்குப் பெயர் கோதா. உடும்புக்கும் அதே சொல்தான். அவ்வளவு பழைய பொருளை மாட்டிக்கொள்ள வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒலிம்பிக் வீரர்களும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

கார்டின் பெரிய லாபம் தோலுக்கு இல்லை, பயத்துக்கு. கன்றியது ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். அடி பயத்தில் ஒட்டிக்கொண்ட உதறலைப் போக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. ஆனால் கார்டு வலியை மறைக்குமே தவிர, நாண் கையில் உரசுவதை நிறுத்தாது. அம்பு நாணை விட்டுப் பிரியும் முன்பே நாண் எதிலாவது தட்டினால் அம்பு திசை மாறும், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக. வலியும் இல்லாததால் காரணம் புரியாமல் வில்லில் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு எளிய சோதனை: கார்டின் மேல் கொஞ்சம் முகப்பவுடர் தடவி (எங்கள் மைதானத்தில் ஒருவர் திருநீறு தடவினார்) ஐந்து அம்பு விடுங்கள். கோடு விழுந்திருந்தால் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இப்போது முழங்கை. கையைச் சும்மா நீட்டினால் பலருக்கு முழங்கை மடிப்பு வானத்தைப் பார்க்கும், கூர் முனை தரையைப் பார்க்கும். அந்த நிலையில் மூட்டின் உட்புறம் நாண் வரும் வழியில் புடைத்து நிற்கும். கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்னால் வளைகிறவர்களுக்கு இன்னும் மோசம். செய்ய வேண்டியது மேல்கையை மட்டும் சுழற்றி, கூர் முனையை இடப்பக்கம் வெளியே கொண்டுபோவது. சொல்ல எளிது. முதல் நாள் நான் மணிக்கட்டைத் திருப்பினேன், வில்லும் கூடவே சாய்ந்தது. தோளைத் தூக்கினேன், அது வேறு தப்பு.

சுவர்தான் சரியான வாத்தியார். தோள் உயரத்தில் உள்ளங்கையைச் சுவரில் ஊன்றுங்கள். கை நகரக் கூடாது, தோள் ஏறக் கூடாது. முழங்கையை மட்டும் திருப்புங்கள். வந்ததா என்று பார்க்க, அப்படியே கையை மடக்குங்கள். முன்கை முகத்தை நோக்கி மேலே வந்தால் திரும்பவில்லை. மார்பை நோக்கிக் கிடைமட்டமாக வந்தால் திரும்பிவிட்டது. பல் துலக்கும்போது, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது என்று நாளுக்குப் பத்துத் தடவை செய்தேன். வில்லோடு வர ஐந்து வாரம் பிடித்தது. காசு செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். சிலருக்கு மூட்டு அமைப்பால் முழுவதும் திரும்பாது. அவர்கள் பாதி திருப்பி, மற்றதைப் பிடியில் சரிசெய்ய வேண்டும்.

பிடி என்றதும் நினைவுக்கு வருகிறது, இதுதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் பலன் தருவது. வில்லை இறுக்கிப் பிடித்தால் முன்கையே நாணின் வழிக்குள் திரும்பிவிடும். வில்லின் அழுத்தம் கட்டைவிரலின் அடிச்சதையில், ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமே நிற்க வேண்டும். விரல் முட்டிகள் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். வில் விழுந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் வில்லை விரல்களோடு பிணைக்கும் விரல் கயிறு கட்டிக்கொள்ளலாம். ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் அம்பு போனபின் வில் கைக்குள்ளேயே சுழன்று நாண் முன்கையின் வெளிப்பக்கம் வந்து நிற்கும்; அவர்கள் பொதுவாகக் கார்டே மாட்டுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு ரீகர்வில் (முனைகள் முன்னோக்கி வளைந்த, நாம் பழகும் வில்) முயல வேண்டாம். அந்த வில்லின் உயரமும் பிடியும் வேறு.

நாணை முறுக்குவது மணிக்கட்டு ரகத்துக்கான வைத்தியம். இழுக்காத நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியைப் பிரேஸ் ஹைட் என்பார்கள். 66 முதல் 70 அங்குல ரீகர்வுக்கு அது ஏறக்குறைய எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் அங்குலம். குறைந்தால் நாண் கையை நோக்கி அதிக தூரம் வரும். முறுக்க முறுக்க நாண் குறுகி இடைவெளி கூடும். பயிற்சி இடங்களின் பொது வில்களில் 66 அங்குல வில்லுக்கு 68 அங்குல நாண் மாட்டியிருப்பது அபூர்வமல்ல. எனக்குக் கிடைத்த முதல் வில் அப்படித்தான். அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அளவு சரியாக இருக்கும்போது மேலும் முறுக்கினால், முழங்கையில் விழும் அடி அப்படியேதான் இருக்கும். மூங்கில் வில்லுக்கு இந்த எண்கள் பொருந்தாது, அங்கே இடைவெளி இயல்பிலேயே குறைவு. அதனால் அங்கே கார்டு கட்டாயம்.

காலை மாற்றி வைப்பது, அதாவது முன்காலைக் கொஞ்சம் பின்னிழுத்து மார்பை இலக்கின் பக்கம் திறப்பது, தோளை நாணிலிருந்து விலக்கும். மேல்கை ரகத்துக்குக் கேட்கும். ஆனால் இடுப்பு ஒவ்வொரு அம்புக்கும் வேறு அளவில் திரும்பும் அபாயம் உண்டு. கோச் பக்கத்தில் நிற்காமல் இதைத் தொடாதீர்கள்.

ஐந்தாவதாக, யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. நான் பழகியது 30 பவுண்டு வில்லில் (பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவையான விசை). கனமான வில் முன்தோளை மேலேற்றி உள்ளே தள்ளும், பிடியை இறுக வைக்கும், முழங்கையை நினைக்கவே நேரம் தராது. 18 பவுண்டுக்கு இறங்கிய அன்று கொஞ்சம் அவமானமாக இருந்தது. பக்கத்தில் பத்து வயதுப் பையன் அதே 18 பவுண்டு வில்லைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். முழங்கை திரும்பத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். இன்று மறுபடி தொடங்கினால் நீளக் கார்டு, லேசான வில், சுவர், இந்த வரிசையில் போவேன். நாணை அளந்து சரிபார்த்ததும் அதைத் தொடமாட்டேன். நீளக் கார்டை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அது தோள் வரை வருகிறது.