பியெர்த்தானா, விஸ்க்ரியா? டிரான்சில்வேனியாவின் இரண்டு சாக்சன் ஊர்கள்

ருமேனியாவின் டிரான்சில்வேனியப் பகுதியில் சிகிஷோவாரா நகரில் தங்கி, ஒரே ஒரு பகலை மட்டும் பழைய சாக்சன் கிராமம் ஒன்றுக்கு ஒதுக்க முடிந்தவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வந்து நிற்கும். ஒன்று பியெர்த்தான், மற்றொன்று விஸ்க்ரி. முன்னது 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பின்னது 1999இல் அந்தப் பதிவு விரிவாக்கப்பட்டபோது வேறு சில ஊர்களோடு இணைந்தது. மதில் சூழ்ந்த தேவாலயம், ஓட்டுக் கூரைகள், பின்னால் பச்சைக் குன்றுகள் எனப் படங்களில் இரண்டும் அக்கா தங்கை போலவே இருக்கும். ஆனால் நகரமாக ஆசைப்பட்டு முடியாமல் போன ஊர் பியெர்த்தான். கிராமமாக இருப்பதற்கு மேல் எதற்கும் ஆசைப்படாத ஊர் விஸ்க்ரி.

ஒப்பிடும் முன் இந்தச் சாக்சன்கள் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு பிறந்த ஜெர்மானியச் சாக்சனிக்கும் இவர்களுக்கும் பெயரளவில்தான் உறவு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேஸா தம் கிழக்கு எல்லையைக் காக்கவும் காடு திருத்தவும் அழைத்துவந்த குடியேறிகளில் பெரும்பாலோர் ரைன், மோசெல் ஆற்றுப் பக்கத்திலிருந்தும் லக்சம்பர்க், பிளாண்டர்ஸ் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். இன்றும் இவர்களுடைய பேச்சுமொழி லக்சம்பர்க் மொழியோடு நெருங்கி ஒலிக்கிறது. அரசவையின் லத்தீன் ஆவணங்கள் இவர்களைச் சாக்சன்கள் என்று குறித்தன, அந்தப் பெயரே நிலைத்தது. 1224இல் மன்னர் இரண்டாம் ஆந்திராஸ் வழங்கிய சாசனம், ஆண்டுக்கு 500 வெள்ளி மார்க் வரியும் போர்க்காலப் படையுதவியும் பெற்றுக்கொண்டு, தங்கள் நீதிபதிகளையும் பாதிரியார்களையும் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையை இவர்களுக்குத் தந்தது. தலைக்கு மேல் பிரபு இல்லாத உழவர்கள் என்பதால், ஆபத்தில் ஓடி ஒளிய ஒரு பிரபுவின் கோட்டையும் இல்லை. 1241இல் மங்கோலியர் வந்து சூறையாடியதும் 15ஆம் நூற்றாண்டில் துருக்கியர் படையெடுப்புகள் தொடர்ந்ததும், ஊரார் தங்களுக்கு இருந்த ஒரே கல் கட்டடமான தேவாலயத்தைச் சுற்றித் தாங்களே மதில் எழுப்ப வேண்டியதாயிற்று.

பியெர்த்தானில் அந்த மதில் மூன்று சுற்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்த பின்கோதிக் பாணித் தேவாலயம் குன்றின் உச்சியில் நிற்கிறது. கீழே சந்தைச் சதுக்கம், அதிலிருந்து மேலே ஏறக் கூரை வேய்ந்த மரப் படிக்கட்டு. கிராமம் ஒன்றுக்கு இவ்வளவு பெரிய சதுக்கம் எதற்கு என்று பார்ப்பவருக்குத் தோன்றும். திராட்சைத் தோட்டங்களால் செழித்த இந்த ஊர், வட்டாரத் தலைமைக்காக மெடியாஷ் என்ற ஊரோடு நெடுங்காலம் போட்டியிட்டது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மெடியாஷே வென்றது. அது இன்று நகரம். தோற்ற ஊருக்கு வேறொரு பெருமை வாய்த்தது: 1572 முதல் 1867 வரை, ஏறக்குறைய 300 ஆண்டுகள், சாக்சன் லுத்தரன் திருச்சபையின் ஆயர்கள் இங்கிருந்தே பணியாற்றினார்கள். அவர்களுடைய கல்லறைப் பலகைகளை மதிலின் கோபுரம் ஒன்றில் இன்றும் காணலாம். உள்ளே 28 ஓவியப் பலகைகள் கொண்ட பீடம் இருக்கிறது. ஊர் லுத்தரன் ஆன பின்பும் யாரும் அதை உடைக்கவில்லை. பழைய கத்தோலிக்கச் சமயத்திலேயே நின்றவர்களுக்கென ஒரு கோபுரத்தைத் தனியே விட்டுவைத்திருந்தார்கள் என்பது ஐரோப்பிய மதப் போர்களின் கதையைப் படித்தவர்களுக்கு வியப்பாகவே இருக்கும்.

ஆனால் பியெர்த்தானில் நான் அதிகம் மதிப்பது பீடத்தை அல்ல, பொருளறைக் கதவை. 1515ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த ஓக் மரக் கதவின் முன்பக்கத்தில் மரத்துண்டுகளை இழைத்துச் செய்த நுண்ணிய அலங்காரம் இருக்கிறது; திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் இரும்பு. ஒரே சாவியைச் சுழற்ற, நெம்புகோல்களும் பற்சக்கரங்களும் ஒன்றையொன்று தள்ளி, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தாழ்கள் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் பாய்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகளோ இதைவிட, மணமுறிவு கேட்ட தம்பதியரை அடைத்துவைத்த அறையைத்தான் விரும்பிச் சொல்வார்கள்: ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி, முந்நூறு ஆண்டுகளில் ஒரே ஒரு இணைதான் பிரிந்ததாம். மனைவியின் தரப்பை அந்தக் கணக்கில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விஸ்க்ரியில் இப்படி வாய்பிளக்க வைக்கும் கலைப்பொருள் எதுவும் இல்லை. ஜெர்மன் பெயரிலுள்ள ‘வெள்ளைத் தேவாலயம்’ என்ற சொல்லே ஊர்ப் பெயராகிவிட்ட இந்த இடத்தில், 12ஆம் நூற்றாண்டுச் சிறு ஆலயத்தை மையமாக வைத்துப் படிப்படியாக வளர்ந்த கட்டடம் சிறியது, பருத்தது, சற்றே கோணலானது. உள்ளே வண்ணம் தீட்டிய மரப் பலகைகளும் மரத்தாலான மாடமும் இருக்கின்றன. இதைக் கட்டியவர்களுக்கு ஆயரின் பணம் இல்லை. ஊர் உழவர்களின் கைதான். அந்தக் கை நடைமுறையை அறிந்தது. இத்தகைய கோட்டைத் தேவாலயங்கள் பலவற்றில் மதிலுக்குள்ளேயே குடும்பத்துக்கொன்றாகத் தானியப் பெட்டிகள் இருந்தன. கோபுரம் ஒன்றில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கொழுப்புப் பாளங்களைத் தொங்கவிட்டு, அவரவர் துண்டில் அவரவர் அடையாளமுத்திரை பதித்து, வாரம் ஒருமுறை மட்டும் திறந்து வெட்டிக்கொண்டார்கள். துருக்கியர் வருவது நின்ற பிறகும் பாதுகாப்பு என்ற பழக்கம் சமையலறைக்குள் தங்கிவிட்டது என்பதை இதைவிட நன்றாக எந்த அருங்காட்சியகமும் காட்டாது.

கோட்டைக்கு வெளியே வந்தால், போட்டி ஒருதலைப்பட்சமாகிவிடுகிறது. நேர் தெரு, இரு பக்கமும் தெருவை நோக்கிய முக்கோண முகப்பு, பக்கத்தில் வண்டி நுழையும் பெரிய மரக் கதவு, உள்ளே நீண்ட முற்றம், அதன் முடிவில் குறுக்காகத் தானியக் களஞ்சியம் என்ற சாக்சன் மனையின் அமைப்பை விஸ்க்ரியின் தெருவில் வீடு வீடாகப் படிக்கலாம். நீலமும் காவியும் பச்சையுமாகச் சுண்ணாம்பு பூசிய இந்த முகப்புகள் தப்பிப் பிழைத்ததில் மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளையின் பங்கு பெரியது. சிமெண்டை ஒதுக்கி, பழைய முறையில் உள்ளூர்க் கொத்தர்களையே வைத்துப் பழுதுபார்த்தது அது. அன்று இளவரசராக இருந்த பிரிட்டனின் மூன்றாம் சார்லஸ் 2006இல் இங்கே ஒரு வீட்டை வாங்கியது ஊருக்குப் புகழ் தந்தது, கோடையில் பேருந்துக் கூட்டத்தையும் தந்தது.

இரண்டு ஊர்களிலும் இன்று ஏறக்குறைய இல்லாதவர்கள் சாக்சன்களே. 1945 ஜனவரியில் உடல்வலு உள்ள ஆண்களும் பெண்களும் சோவியத் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னர் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியில் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து இவர்களைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. எல்லை திறந்ததும் 1990 என்ற ஒரே ஆண்டில் ருமேனியாவிலிருந்து 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் கிளம்பிவிட்டார்கள். எண்ணூறு ஆண்டு வாழ்ந்த மக்கள் ஒரு தலைமுறைக்குள் காலிசெய்த வீடுகளில் இன்று பெரும்பாலும் ருமேனியரும் ஜிப்சிகள் என்று அறியப்பட்ட ரோமா மக்களும் வாழ்கிறார்கள். பியெர்த்தானில் இந்த வெறுமை தேவாலயத்தின் பெருமையில் மறைந்துவிடுகிறது. விஸ்க்ரியில் அது தெருவிலேயே தெரிகிறது. ஆனால் ஊர்ப் பெண்கள் கம்பளிக் காலுறை பின்னி விற்பதும் முற்றங்களில் கோழியும் வாத்தும் திரிவதும், வீடு கைமாறினாலும் ஊர் கைவிடப்படவில்லை என்று காட்டுகின்றன.

ப்ரஷோவ் அருகிலுள்ள ப்ரெஷ்மெரைச் சிலர் மூன்றாவதாகச் சொல்வதுண்டு. 12 மீட்டர் உயர மதிலும் அதன் உட்புறத்தில் அடுக்கடுக்காக 270க்கும் மேற்பட்ட அறைகளும் பார்க்க வேண்டியவையே. ஆனால் அங்கே போகிறவர் கோட்டையைப் பார்க்கிறார், ஊரை அல்ல.

ஆகவே, சாக்சன்களின் திருச்சபையையும் கலையையும் அதிகாரத்தையும் அறிய விரும்புபவர் பியெர்த்தானுக்கே போக வேண்டும். இரண்டு மணி நேரம் போதும். ஊர் என்பதைப் பார்க்க விரும்புபவருக்கு என் தேர்வு விஸ்க்ரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு: நண்பகலில் போய்ப் படமெடுத்துத் திரும்பக் கூடாது, இரவு தங்க வேண்டும். பேருந்துகள் போன பிறகு, பொழுது சாயும் நேரத்தில் மேய்ச்சல் முடித்து மாடுகள் அந்த ஒற்றைத் தெருவில் கூட்டமாக வரும்; மேய்ப்பவர் எதையும் பிரிக்க மாட்டார், ஒவ்வொரு மாடும் தன் வீட்டுப் பெரிய கதவு வந்ததும் தானே திரும்பி உள்ளே போய்விடும்.