தாய்ப்பால் எடுக்கும் இரட்டை மின் பம்ப், ஒரு வருடம் கழித்து: எது உழைக்கிறது, எது கவிழ்க்கிறது

டக்பில் வால்வு என்று ஒன்று இருக்கிறது. வாத்தின் அலகு போல் கூம்பி நிற்கும் சின்ன சிலிகான் துண்டு. தாய்ப்பால் பம்ப் வாங்கும்போது எல்லோரும் மோட்டாரையும் பேட்டரியையும் சத்தத்தையும் ஒப்பிடுவார்கள். வேலைக்குத் திரும்பி, நாளுக்கு மூன்று வேளை பால் எடுக்க ஆரம்பித்த மூன்றாவது மாதத்தில் காலை வாருவது பெரும்பாலும் இந்தத் துண்டுதான்.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினால் நுனியில் உள்ள கீறல் திறக்கும். விரலை எடுத்ததும் இரண்டு உதடுகளும் முழுக்க ஒட்டிக்கொள்ள வேண்டும். மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் உறிஞ்சும் விசை அங்கே கசிந்து போய்விடும். மோட்டார் சத்தம் மாறாது, திரையில் நிலை எண்ணும் மாறாது. 120 மில்லி வந்த இடத்தில் 80 வரும், அவ்வளவுதான். உடனே "பால் வற்றுகிறது" என்ற பயம் வந்துவிடும். உடம்பைக் குறை சொல்வதற்கு முன் வால்வை மாற்றிப் பாருங்கள். தினமும் மூன்று வேளை ஓடும் பம்புக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உதிரி ஜோடி வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை, ஆபீஸ் மேசையில் இருக்க வேண்டும். கழுவும்போது பிரஷை உள்ளே விட்டுக் குடைவதுதான் கீறல் சீக்கிரம் விரியக் காரணம். சோப்பு நீரில் ஊறவிட்டு விரலால் தேய்த்தாலே போதும்.

அடுத்தது ஃபிளாஞ்ச், அதாவது மார்பில் பொருத்தும் புனல். பெட்டியோடு பெரும்பாலும் 24 மிமீ வரும், சிலவற்றில் 28ம் சேர்ந்து வரும். பலருக்கு 24 பெரிது. பால் எடுப்பதற்கு முன், காம்பின் அடிப்பகுதி அகலத்தை மட்டும் மிமீ கணக்கில் அளங்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்க வேண்டாம். அந்த அளவிலிருந்து அதற்கு மேல் 3 மிமீ வரைக்குள் எது வலியில்லாமல் பால் இறக்குகிறதோ அதுதான் உங்கள் அளவு. புனல் பெரிதாக இருந்தால் கருவட்டமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபடும், எடுத்து முடித்ததும் வீங்கிய வளையம் தெரியும். சிறிதாக இருந்தால் காம்பு சுவரில் உரசி வெளுக்கும், அல்லது வெடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். மாதங்கள் போகப்போக அளவு மாறவும் செய்யும், ஆகவே மறுபடி அளந்து பார்ப்பது நல்லது. புதுப் புனல் வாங்கும் முன், இருக்கும் புனலுக்குள் செருகும் சிலிகான் இன்சர்ட் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். இன்சர்ட் கோணலாக உட்கார்ந்தால் காற்று கசியும், அதை மட்டும் கவனியுங்கள்.

விசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது ஒரு வருடப் பயன்பாட்டில் நிற்காத நம்பிக்கை. வலி எடுத்தால் பால் இறங்குவதே தடைபடும். மசாஜ் நிலையில், வேகமாகவும் லேசாகவும், ஒன்றிரண்டு நிமிடம் ஓடட்டும். சொட்டுகள் பீய்ச்சலாக மாறியதும் மெதுவாக ஆழமாக இழுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். கொஞ்சம் உறுத்துகிறது என்று தோன்றும் வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு படி இறக்கினால் அதுதான் உங்கள் நிலை. எட்டு, பத்து நிமிடத்தில் ஓட்டம் அடங்கும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி மசாஜ் நிலைக்குப் போனால் இரண்டாவது முறை இறங்க வாய்ப்பு உண்டு. ஒரு கையால் மார்பை வெளிப்புறத்திலிருந்து மென்மையாக அழுத்திக்கொண்டே எடுத்தால் வரத்து கூடும். கடைசியில் ஒரு நிமிடம் கையாலேயே பீய்ச்சி எடுப்பதும் உதவும். இந்தக் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும். பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சொட்டு எண்ணும் வேலைதான் நடக்கும். காலுறை ஒன்றைப் பாட்டிலுக்கு மாட்டி மறைத்துவிடுவது பழைய யோசனைதான், வேலை செய்கிறது.

எவ்வளவு எடுக்க வேண்டும்? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளுக்குச் சராசரியாக 750 மில்லி அளவில் குடிக்கிறது. பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 30 முதல் 45 மில்லி என்று வைத்தால், போக வர நேரமும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்கு 300 முதல் 450 மில்லி. மூன்று வேளை, வேளைக்கு 100 முதல் 150. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது இந்தக் கணக்குக்காக மட்டுமில்லை. பால் நிறைந்தே இருந்தால், தேவை இவ்வளவுதான் என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மீட்டிங் இழுக்கிறது என்று ஒரு வேளையைத் தொடர்ந்து தவறவிட்டால், அந்த வாரக் கடைசியில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எடுத்த பால் போதவில்லை என்ற புகாரில் பாதி, பாட்டில் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. குழந்தையைப் படுக்க வைத்துப் பாட்டிலைக் கவிழ்த்தால் நிறுத்த வழியில்லாமல் விழுங்கிக்கொண்டே போகும், 150 மில்லியும் சில நிமிடத்தில் காலியாகும். நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடித்து, மெதுவாகப் பால் வரும் நிப்பிளோடு, இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்பவரிடம் இதை ஒருமுறை செய்து காட்டிவிடுவது பத்து முறை சொல்வதைவிட மேல். பாட்டிலில் 60 முதல் 90 மில்லி ஊற்றி வைத்து, கேட்டால் 30 சேர்ப்பது வீணாவதைத் தடுக்கும். குழந்தை வாய் வைத்த பாட்டிலில் மிஞ்சியதை, குடித்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கொட்டத்தான் வேண்டும்.

வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால், காலையில் முதல் தடவை பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு வேளை எடுக்க ஆரம்பித்தால் போதும். காலையில் பலருக்கு வரத்து அதிகம். 30, 40 மில்லி வந்தாலும் அது குழந்தை குடித்த பிறகு வந்த உபரி, குறைச்சல் இல்லை. ஃப்ரீசரை நிரப்பும் படங்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு நாளுக்கான இருப்பு தாராளம். அளவுக்கு மீறி எடுத்தால் சுரப்பும் அளவுக்கு மீறிப் போய், வேலை நேரத்தில் மார்பு கல்லாகிக் கனக்கும்.

சேமிப்புக் கணக்கு இது. இப்போதுதான் எடுத்த பால், 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நான்கு மணி நேரம். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் நான்கு நாள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை தரம் நன்றாக இருக்கும், பன்னிரண்டு மாதம் வரை கொடுக்கலாம். உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம், ஆனால் ஐஸ் பேக் பாட்டிலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அறை 25 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் எடுத்த கையோடு கூலர் பைக்குள் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் சூடேறும். உள்ளே, பின்புறம் வையுங்கள். வெதுவெதுப்பான பாலைக் குளிர்ந்த பாலோடு சேர்க்கும் முன் தனியாகக் குளிரவிடுங்கள். சேர்த்த பாலுக்குத் தேதி, இரண்டில் பழையதன் தேதிதான்.

வாரச் சங்கிலி ஒன்றை வகுத்துக்கொண்டால் ஃப்ரீசர் பக்கமே அதிகம் போக வேண்டியதில்லை. திங்கள் எடுத்தது செவ்வாய்க்கு, செவ்வாய் எடுத்தது புதனுக்கு. வெள்ளி எடுத்தது ஃப்ரிட்ஜிலேயே இருந்து திங்களுக்கு ஆகும், நான்கு நாள் கெடுவுக்குள் வந்துவிடுகிறது. இருப்பு பழசாகாமல் இருக்க, வாரத்தில் ஒரு நாள் ஃப்ரீசரின் பழைய பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கலாம்.

பைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பையில் அச்சடித்த மில்லி கோட்டை நம்ப வேண்டாம், பாட்டிலில் அளந்துவிட்டு ஊற்றுங்கள். தேதியையும் அளவையும் ஊற்றும் முன்பே எழுதிவிடுங்கள், ஈரப் பையில் மை பிடிக்காது. ஒரு பைக்கு 60 முதல் 120 மில்லி, மேலே இரண்டரை செமீ இடம் விட்டு, காற்றைத் தள்ளி மூடுங்கள். உறையும்போது பால் விரியும், இடம் இல்லாவிட்டால் தையல் பிளக்கும். தட்டில் படுக்க வைத்து உறைய வைத்தால் மெல்லிய பலகையாகி, புத்தகம் போல் அடுக்கலாம், உருகுவதும் வேகம். உருக்கும்போது ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள். பை கசிகிறது என்பது பால் தரையில் ஓடும்போதுதான் தெரியவரும்.

ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து உருக்குவதுதான் நிம்மதி. அவசரமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: சத்தும் கெடும், ஒரு பக்கம் ஆறியிருக்க இன்னொரு பக்கம் வாயைச் சுடும். முழுதாக உருகிய பிறகு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே எடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரம். மறுபடி உறைய வைக்கக் கூடாது. மேலே மஞ்சளாக ஆடை போல் பிரிந்து நிற்பது கெட்டுப்போன அடையாளம் இல்லை, கொழுப்பு மிதக்கிறது. பாட்டிலைச் சுழற்றினால் கலந்துவிடும்.

உருக்கிய பால் சோப்பு மாதிரி வாடை அடித்தால் அது பெரும்பாலும் லைபேஸ் என்னும் நொதி கொழுப்பைப் பிரிப்பதால் வருவது. குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் சில குழந்தைகள் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே நூறு பை சேர்க்கும் முன் ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறைய வைத்து உருக்கி, முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால், இனி எடுக்கும் பாலை உறைய வைக்கும் முன் ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரும் வரை மட்டும், சுமார் 82 டிகிரி வரை, சூடாக்கி உடனே குளிர்விக்க வேண்டும். கொதிக்கவிடக் கூடாது. ஏற்கெனவே வாடை வந்த பாலை இது சரிசெய்யாது. சூடாக்குவதில் சில சத்துகள் குறையும் என்பதால், குழந்தை மறுக்காவிட்டால் இந்த வேலையே தேவையில்லை. புளித்த வாடை வேறு, அது வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஆபீசில் கழுவுவதுதான் பலருக்குச் சலிப்பு. சிங்க் தொட்டிக்குள் நேரடியாகப் போடாமல், இதற்கென்றே ஒரு சின்னத் தட்டு வைத்து அதில் கழுவுங்கள். துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். புனல், வால்வு, பாட்டில் சேர்ந்த செட் மூன்று இருந்தால் வேளைக்கு ஒன்றாகப் பயன்படுத்தி, வீட்டில் சேர்த்துக் கழுவலாம். ஒரு வருடத்தில் பம்புக்குச் செய்யும் செலவில் மிகவும் உருப்படியானது அந்தக் கூடுதல் செட்டுகள்தான் என்பது எங்கள் தீர்ப்பு. கழுவாத செட்டை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வேளைக்கு எடுக்கும் பழக்கம் உண்டு. குறைமாதக் குழந்தை, இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை என்றால் அதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கான செட்டை நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பதும் அவசியம்.

பம்பையும் புனலையும் இணைக்கும் டியூபில் நீர்த்துளி தெரிந்தால், எடுத்து முடித்த பின் புனலைக் கழற்றிவிட்டு டியூபோடு மட்டும் சில நிமிடம் பம்பை ஓடவிடுங்கள், உலர்ந்துவிடும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கழுவிப் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். மூடிய அமைப்புள்ள பம்பில் பால் மோட்டாருக்குப் போகாமல் சவ்வு தடுக்கும். திறந்த அமைப்பில் அந்தத் தடை கிடையாது, அதனால் இன்னொருவர் பயன்படுத்தியதை வாங்குவது சரிவராது.

உள்ளாடைக்குள் வைக்கும் பம்ப் வகை பற்றிச் சுருக்கமாக: பயணத்துக்கு வசதி, ஆனால் காம்பு குழாயின் நடுவில் உட்காருகிறதா என்று பார்ப்பது கஷ்டம், குனிந்தால் கொட்டும். நாளின் மூன்று வேளையும் அதையே நம்புவதை விட, ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

ஓரிடத்தில் கட்டி போல் வலித்தால், அழுத்தித் தேய்ப்பதும் ஓயாமல் எடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். வழக்கமான நேரத்துக்கே எடுத்து, இடையில் குளிர் ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சலோ பரவும் சிவப்போ வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பம்பை விடும் காலம் வரும்போது மூன்று வேளையையும் ஒரே வாரத்தில் நிறுத்தாதீர்கள். முதலில் நடு வேளையை விட்டு, முன்னதையும் பின்னதையும் நடுவை நோக்கி அரை மணி நேரமாக நகர்த்துங்கள். நான்கைந்து நாள் மார்பு கனக்காமல் இருந்தால் அடுத்த வேளையைத் தொடலாம். நடுவில் இறுகினால், சுமை குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.