எண்ணும் எழுத்துமா, இல்லம் தேடிக் கல்வியா?

வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு அடுத்தடுத்து இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். இரண்டுமே கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்தவைதான். செய்யும் வேலை மட்டும் வேறு வேறு.

இல்லம் தேடிக் கல்வி மாலை நேரத்து ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பக்கத்துத் தெரு அக்கா இருபது பிள்ளைகளை உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் வரை சொல்லிக்கொடுப்பார். தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கைச்செலவுக்கே சரியாகப் போகும் காசு இது! அவருக்கு வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆனாலோ மையம் ஆட்டம் கண்டுவிடும். ஆனாலும் பலன் இருந்தது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. எண்ணும் எழுத்தும் அப்போது தொடங்கவே இல்லை என்பதால், இதை வைத்து இரண்டுக்கும் மார்க் போட முடியாது.

எண்ணும் எழுத்தும் பள்ளி நேரத்திலேயே, பயிற்சி பெற்ற ஆசிரியரால் நடப்பது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று படிநிலைகளாகப் பிரிப்பதுதான் இதன் பெரிய பலம். மூன்றாம் வகுப்பிலும் எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அரும்பு நிலைப் பயிற்சி கிடைக்கும்; மூன்றாம் வகுப்புப் பாடத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஈராசிரியர் பள்ளியில்தான் சிக்கல். ஒரே அறையில் பல வகுப்பு, ஒவ்வொன்றிலும் பல நிலை. டீச்சர் அரும்புப் பிள்ளைகளோடு இருக்கும்போது மற்றவர்கள் பயிற்சி நூலைத் தாங்களே நிரப்பிக்கொண்டிருப்பார்கள். செல்போன் செயலியில் மதிப்பீடு நடத்திப் பதிவேற்றும் வேலையும் சேர்ந்ததில் ஆசிரியர் சங்கங்களே சலித்துக்கொண்டன.

என் ஓட்டு பிள்ளையைப் பொறுத்தது. பாடம் மனப்பாடமாக இருக்கும் என்பதால், அவன் பார்க்காத கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து, படத்தைக் கையால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'குருவி' என்ற இடத்தில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு 'குரங்கு' என்று அடித்துவிட்டால் அது எழுத்துப் பிரச்சினை. அதற்கு எண்ணும் எழுத்தும்தான் மருந்து. டீச்சரிடம் அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று கேளுங்கள். 'கு...ரு...வி' என்று சரியாகக் கூட்டி, ஆனால் வரி முடிவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறான் என்றால், அவன் உரக்க வாசிப்பதைத் தினமும் பொறுமையாகக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பல நிலைப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் டீச்சருக்கு அது முடியாது. மாலை மையத்து அக்காவுக்கு முடியும். பக்கத்தில் இப்போது மையம் இல்லையா? வீட்டில் யாராவது பத்து நிமிடம் காது கொடுத்தாலும் சரிதான், வாசிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தாலும்.